தாளில் பறந்தவர் திரையில் ஏன் தொங்குகிறார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சூப்பர்ஹீரோ படம் வெளியாகும்போதெல்லாம் விமர்சனங்களில் வழக்கமாக இரண்டு தீர்ப்புகள்தான் வருகின்றன. படம் பிடித்துவிட்டால் ‘காமிக்ஸை அப்படியே திரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்’. பிடிக்காவிட்டால் ‘கிராபிக்ஸ் சொதப்பல்’. முதலாவது பெரும்பாலும் உண்மையல்ல. இரண்டாவது எதையும் விளக்குவதில்லை. காமிக்ஸ் நாயகர்கள் நடிகர்களை வைத்து எடுக்கும் படத்துக்கு ஒத்துவருவார்களா என்று கேட்டால், கதையைப் பார்ப்பதற்கு முன்னால் வேறொன்றைப் பார்க்க வேண்டும். ஓவியரின் பேனா செய்யும் சில வேலைகள் கேமராவுக்குக் கைவராது. அவற்றுக்கு ஈடாகப் படக்குழு எதைச் செய்தது? ஒரு படம் நிற்பதும் விழுவதும் அங்கேதான்.

முகமூடியிலிருந்து தொடங்குகிறேன். அதிகம் அடிபடுவது அதுதான்.

காமிக்ஸில் பேட்மேனின் கண்கள் விழியில்லாத இரண்டு வெள்ளைக் கீற்றுகள். கோபம் வந்தால் கீற்று ஒடுங்கும், திகைத்தால் விரியும். ஸ்பைடர்மேனுக்கு வாய்கூடத் தெரியாது. ஆனாலும் அவருக்குச் சிரிப்பு வருகிறதா, வலிக்கிறதா என்பது வாசகருக்குப் புரிந்துவிடும். ஓவியர் அந்தக் கண்களைக் கட்டத்துக்குக் கட்டம் வேறு அளவில், வேறு சாய்வில் வரைகிறார். தைத்த முகமூடியில் இது நடக்காது. துணி முகத்தோடு ஒட்டினால் பேசும்போது மூக்கும் வாயும் அசைவது வெளியே தெரிந்து விகாரமாகிவிடும் என்பதால் துணிக்கு அடியில் கெட்டியான ஓடு ஒன்றை வைக்கிறார்கள். அதோடு நடிகரின் முகபாவம் முழுதாகப் போய்விடுகிறது.

2002-இல் வந்த ‘ஸ்பைடர்மேன்’ படத்தின் மொட்டைமாடிக் காட்சியைப் பாருங்கள். நாயகனும் வில்லன் கிரீன் காப்லினும் நேருக்கு நேர் பேசுகிறார்கள். ஆள் சேர்க்கும் பேச்சு, மிரட்டல், சபலம் எல்லாம் வசனத்தில் இருக்கின்றன. ஆனால் திரையில் வாயசையாத இரண்டு முகமூடிகள் மாறிமாறித் தலையாட்டுகின்றன. உள்ளே இருப்பவர் வில்லெம் டஃபோ. முகத்தாலேயே பயமுறுத்தக்கூடிய நடிகர். 2021-இல் அதே பாத்திரம் ‘நோ வே ஹோம்’ படத்தில் திரும்பி வந்தபோது, அந்த முகமூடியைத் தொடக்கத்திலேயே உடைத்துப் போட்டுவிட்டார்கள். டஃபோவின் பல்லும் கண்ணும் வெளியே வந்ததும் பாத்திரத்தின் பலம் எத்தனை மடங்கு கூடியது என்பதை இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் புரியும்.

இதற்கு ஈடு தேடியவர்கள் பலவிதமாகத் தேடியிருக்கிறார்கள். 2008-இன் ‘அயர்ன் மேன்’ கேமராவைத் தலைக்கவசத்துக்கு உள்ளேயே கொண்டுபோனது. ராபர்ட் டவுனி ஜூனியரின் முகம் முழு குளோசப்பில், சுற்றிலும் மிதக்கும் எழுத்துகளும் அளவீடுகளும். வெளியே இரும்பு பறந்துகொண்டிருக்க, உள்ளே நடிகர் நடித்துக்கொண்டிருக்கிறார். காமிக்ஸ் பக்கத்துக்குத் தேவையே இல்லாத உத்தி இது. படத்துக்கோ இது இல்லாமல் முடியாது. 2016-இல் ‘சிவில் வார்’ படத்தின் ஸ்பைடர்மேனுக்குக் கண்ணில் கேமரா ஷட்டர் மாதிரி மூடித் திறக்கும் லென்ஸ்களை வைத்தார்கள். அவரது உடையே ஒரு கருவி என்று கதையில் காரணமும் கொடுத்தார்கள். அதே ஆண்டின் ‘டெட்பூல்’ காரணமெல்லாம் சொல்லவில்லை. படப்பிடிப்பு முடிந்தபிறகு முகமூடியின் கண்களையும் புருவப் பகுதியையும் கணினியில் அசைத்துவிட்டார்கள். நாயகனே பார்வையாளரிடம் பேசும் படமாதலால் யாரும் காரணம் கேட்கவில்லை.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட உயர்ந்ததாகத் தெரிவது 2012-இன் ‘ட்ரெட்’. 1977-இல் தொடங்கிய அந்த பிரிட்டிஷ் காமிக்ஸில் நீதிபதி ட்ரெட்டின் முழு முகம் வாசகருக்குக் காட்டப்படுவதில்லை. 1995-இல் வந்த முதல் படத்தில் சில்வெஸ்டர் ஸ்டாலோன் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டார், பாத்திரமும் கழன்றுவிட்டது. 2012-இல் கார்ல் அர்பன் கடைசிவரை கழற்றவே இல்லை. தாடை, கீழுதடு, கழுத்து நரம்பு, மூச்சு, குரல் ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு படம் முழுக்க நடித்தார். வாய் தெரிகிற முகமூடிக்கும் வாய் மூடிய முகமூடிக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு படத்தில் தெளிவாகிவிடும். பேட்மேனுக்கு அடிக்கடி படம் எடுக்க முடிவதற்கு ஒரு காரணம், அவர் முகமூடி தாடைக்கு மேலேயே நின்றுவிடுவது.

பேட்மேனிடமும் சிக்கல் இல்லாமலில்லை. கண் துளை வழியே நடிகரின் தோல் தெரிந்தால் முகமூடி வேறு, முகம் வேறு என்று பிரிந்துவிடும். எனவே கண்ணைச் சுற்றிக் கறுப்பு மேக்கப் போடுகிறார்கள். 1992-இன் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ முடிவில் மைக்கேல் கீட்டன் முகமூடியைக் கிழித்தெடுக்கும் இடத்தில், அதற்குச் சற்று முன்னாலேயே அந்தக் கறுப்பு மாயமாகிவிடும். 2022-இன் ‘தி பேட்மேன்’ அதை மறைக்கவில்லை. ராபர்ட் பாட்டின்சன் முகமூடியைக் கழற்றிய பிறகும் கண்ணைச் சுற்றி மை கலைந்து வழிந்திருக்கிறது. வரைந்த பாத்திரத்துக்கு இல்லாத ஒரு தொல்லை, படத்தில் அந்த மனிதர் தூங்காமல் அலைவதற்கு அடையாளமாகிவிட்டது. நான் சொல்லும் ஈடு என்பது இதுதான்.

அடுத்தது உடை. காமிக்ஸில் உடை என்பது உடம்பின் மேல் பூசிய வண்ணம், அவ்வளவுதான். தசைகளை முதலில் வரைந்து, கழுத்திலும் மணிக்கட்டிலும் ஒரு கோடு போட்டு, நடுவில் நீலம் நிரப்பினால் உடை தயார். நிஜத் துணி அப்படி நடந்துகொள்ளாது. கையைத் தூக்கினால் அக்குளில் இழுக்கும், இடுப்பில் மேலேறும், உட்கார்ந்தால் வயிற்றில் மடியும். அடியில் தசை வடிவில் நுரைப் பஞ்சு வைத்துத் தைத்தால் மடிப்பு குறையும்; ஆனால் அசைவும் குறையும். 1989-இன் பேட்மேன் உடையில் முகமூடியும் கழுத்தும் தோளும் ஒரே ரப்பர். கீட்டனால் தலையைத் திருப்ப முடியாது. யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் இடுப்புக்கு மேலே உடம்பையே திருப்பினார். அதை அவர் ஒரு மிடுக்காக மாற்றிக்கொண்டது நடிகரின் சாமர்த்தியம். 2008-இன் ‘தி டார்க் நைட்’ படத்தில் தலைக்கவசத்தைக் கழுத்திலிருந்து பிரித்துவிட்டார்கள். தலையைத் திருப்ப முடிகிற உடை வேண்டும் என்று நாயகனே கேட்பதாகக் கதையிலும் வைத்தார்கள்.

வண்ணத்துக்கு வருவோம். சூப்பர்மேன் 1938-இல் பிறந்தபோது மட்டமான செய்தித்தாளில் நான்கு வண்ண மையில் அச்சிட்டார்கள். மங்கிய தாளில் எடுபட வேண்டும் என்றால் அடர் சிவப்பு, அடர் நீலம், மஞ்சள்தான் வழி. ஹல்க் 1962-இன் முதல் இதழில் சாம்பல் நிறம். அச்சகத்தில் அந்தச் சாம்பல் பக்கத்துக்குப் பக்கம் மாறிப்போனதால் இரண்டாம் இதழிலிருந்து பச்சையானார். அச்சுக்காகத் தேர்ந்தெடுத்த வண்ணங்களை நல்ல லென்ஸும் நல்ல விளக்கும் வைத்துப் படமெடுத்தால் நாடக மேடை உடைபோலத் தெரியும். பளபளக்கும் ஒற்றை வண்ணத் துணியில் கேமரா பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. 2000-இன் ‘எக்ஸ்-மென்’ பயந்துபோய் எல்லோருக்கும் கறுப்புத் தோல் உடை மாட்டியது. அது தப்பித்தல். பின்னால் வந்தவர்கள் வண்ணத்தை வைத்துக்கொண்டு துணியின் மேற்பரப்பை மாற்றினார்கள்: வலைப்பின்னல் அச்சு, எழுந்து நிற்கும் தையல், இரண்டு மூன்று பளபளப்பு அளவுகள். வெளிச்சம் பட்டால் நிழல் விழ ஓர் இடம் கிடைத்தது. 2024-இல் ஹியூ ஜாக்மன் வுல்வரினின் மஞ்சள் உடையையே அணிந்து வந்தார். 2025-இன் சூப்பர்மேனுக்குச் சிவப்பு ஜட்டி திரும்பி வந்தது. இரண்டையும் பார்வையாளர்கள் தடையில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். குற்றம் வண்ணத்தில் இல்லை.

வண்ணம் வேறொரு இடத்திலும் மல்லுக்கு நிற்கும். 1978-இன் சூப்பர்மேனைப் புளூ மேட் (பிறகு வேறு காட்சியை வைப்பதற்காக நீக்கப்படும் நீலத் திரை) முன்னால் எடுத்தபோது அவரது நீல உடையும் பின்னணியோடு சேர்ந்து காணாமல் போகும் என்பதால், அந்த ஷாட்களுக்கு மட்டும் பச்சை கலந்த நீலத்தில் உடை தைத்துப் பிறகு நிறத்தைத் திருத்தினார்கள். 2002-இல் ஸ்பைடர்மேனைக் கிரீன் மேட்டிலும் கிரீன் காப்லினைப் புளூ மேட்டிலும் தனித்தனியாக எடுக்க வேண்டியிருந்தது. இருவரும் ஒரே ஃபிரேமில் மோதும்போது பார்வை எங்கோ தவறுவதும், ஒருவர் மேல் விழும் வெளிச்சம் மற்றவர்மேல் விழாததும் இப்படிப் பிரித்து எடுப்பதால் எளிதில் வந்துசேரும் கோளாறுகள்.

உடையையே முழுக்கக் கணினியில் செய்துவிடலாமே என்றால், 2011-இன் ‘கிரீன் லேன்டர்ன்’ அதைச் செய்து பார்த்தது. ரயன் ரெனால்ட்ஸ் குறிகள் ஒட்டிய சாம்பல் உடையில் நடித்தார். பச்சை உடை பிறகு வந்தது. அங்கே கவனிக்க வேண்டிய இடம் கழுத்து. நிஜக் கழுத்துப் பட்டை இருந்தால் தாடைக்கு அடியில் நிழல் விழும், பேசும்போது தொண்டைத் தோல் அதில் உரசும், தலை திரும்பினால் தோளும் சிறிது திரும்பும். இவற்றில் ஒன்று தவறினாலும் தலை தனியாக மிதக்கிறது. 2018-இன் ‘இன்ஃபினிட்டி வார்’ படத்தில் மாபெரும் இரும்புக் கவசத்துக்குள்ளிருந்து மார்க் ருஃபலோவின் தலை எட்டிப் பார்க்கும் ஷாட் ஊரெங்கும் கேலிக்கு ஆளானது. பெரிய பொருட்செலவில் எடுத்த படத்திலேயே அது நடந்தது.

இனி பறத்தல். ரோப் கட்டித் தூக்கும்போது இடுப்பின் இருபுறமும் கொக்கி மாட்டுகிறார்கள். உடம்பின் பாரம் சமமாக நிற்கும் இடம் அதுதான். ஆனால் குப்புறக் கிடந்தபடி கால்களை நேராக நீட்டி வைத்திருக்க அடிவயிறும் முதுகும் இறுக வேண்டும். இரண்டு நிமிடம் போனால் கால் தொங்கும், முகம் சிவக்கும், நிமிர்த்திய கழுத்தில் நரம்பு புடைக்கும். அந்தக் கணத்தில் நாயகர் பறக்கவில்லை, தொங்குகிறார் என்று குழந்தைக்கும் தெரிந்துவிடும். இறுக்கமான உடைக்கு அடியில் பட்டைகள் புடைத்துக் காட்டிக்கொடுக்கும் என்பதால் ரோப் ஷாட்டுக்கென்றே சற்றுத் தளர்ந்த, கொக்கிக்குத் துளை வைத்த தனி உடையும் வேண்டும். 1978-இல் கிறிஸ்டோபர் ரீவ் பறந்தது இன்றும் நம்பும்படி இருப்பதற்கு தந்திரக் காட்சி நிபுணர் ஜோரன் பெரிசிக்கின் கருவிக்குப் பெரும்பங்கு உண்டு. கேமராவின் ஜூம் லென்ஸும், பின்னணியைத் திரையில் வீசும் புரொஜெக்டரின் ஜூம் லென்ஸும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்தன. ரீவ் இருந்த இடத்திலேயே இருப்பார்; இரண்டு ஜூமும் ஒன்றாக நகரும்போது பின்னணி அளவு மாறாது, அவர் மட்டும் நெருங்கி வருவதாகத் தெரியும். அதோடு ரீவ் திரும்புவதற்கு முன் தோளைச் சாய்ப்பார், பார்வையை முதலில் திருப்பி உடம்பைப் பின்னால் கொண்டுவருவார். இன்று எத்தனையோ கணினிப் பறத்தல்களில் இந்த முன்னசைவு இல்லை. உடம்பு சட்டென்று திசை மாறுகிறது.

கனம் என்பது கிராபிக்ஸின் விலையைப் பொறுத்ததல்ல, நேரத்தைப் பொறுத்தது. 20 மீட்டர் உயரம் எகிறிக் குதிக்கும் ஒருவர் மேலே போக 2 நொடி, கீழே வர 2 நொடி ஆகும். அதை ஒன்றரை நொடியில் முடித்தால் உடம்பு காற்றடைத்த பொம்மையாகிவிடும். 30 மீட்டர் நூலில் ஊசலாடினால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக ஏறத்தாழ ஐந்தரை நொடி. ஸ்பைடர்மேன் படங்களில் பல இடங்களில் அதில் பாதி நேரம்கூடக் கிடைப்பதில்லை. 2012-இன் படத்துக்காக ஸ்டண்ட் கலைஞர்களை நிஜமாகவே ஊசலாட வைத்தார்கள். ஊசலின் அடியில் வேகமும் பாரமும் கூடுவதும், உச்சியில் ஒரு கணம் எடையற்று நிற்பதும் அப்போதுதான் சரியாக வந்தன. உருவம் பெரிதாகப் பெரிதாக அசைவு மெதுவாக வேண்டும் என்பது மினியேச்சர் என்னும் சிறு மாதிரிகளை வைத்துப் படமெடுத்த பழைய கேமராமேன்களுக்கு மனப்பாடம். 16-இல் ஒரு பங்கு அளவில் கட்டிய கட்டடம் இடிவதை நொடிக்கு 96 ஃபிரேமில் எடுப்பார்கள். 16-இன் வர்க்கமூலம் 4, நான்கு 24 என்றால் 96. ஹல்க்குக்கும் இதே கணக்குதான். அவர் மனிதனின் சுறுசுறுப்போடு ஓடினால் மனிதனின் எடையோடுதான் தெரிவார். 2012-இன் ‘அவெஞ்சர்ஸ்’ ஹல்க் நன்றாக அமைந்ததற்கு, ருஃபலோவையே மோஷன் கேப்சரில் (நடிகரின் அசைவைப் பதிந்து கணினி உருவத்துக்குக் கொடுக்கும் முறை) நடிக்க வைத்து அவர் முகத்தையே அடிப்படையாகக் கொண்டது ஒரு பாதி. அடிக்கு முன் ஒரு தயக்கமும் அடிக்குப் பின் ஒரு நிதானமும் விட்டது மறுபாதி.

2018-இன் ‘பிளாக் பேந்தர்’ மூன்று ஆஸ்கர் வாங்கிய படம், உடைக்கும் ஒன்று. அதன் இறுதிச் சண்டை மட்டும் ஏன் கீழே விழுகிறது? இருட்டுச் சுரங்கம், ஒரே மாதிரி இரண்டு கரிய உடைகள், இரண்டு மூடிய முகங்கள், எடையில்லாத வீழ்ச்சி. நான் இதுவரை சொன்ன எல்லாக் கோளாறும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கின்றன. முகமூடி விலகி இரு நடிகர்களின் முகம் தெரியும் கணங்களில் அதே காட்சி உடனே உயிர்பெறுவதையும் பாருங்கள்.

உறைந்த தோரணை என்பது காமிக்ஸின் இன்னொரு பலம். ஓவியர் முஷ்டியை முகத்தைவிட இரண்டு மடங்கு பெரிதாக வரைந்து நம்மை நோக்கி நீட்டுவார். கேமராவில் அதே அளவு வர வேண்டும் என்றால், முஷ்டியின் நிஜ உயரம் முகத்தில் பாதி, கையின் நீளம் 60 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், லென்ஸ் முஷ்டியிலிருந்து 20 செ.மீ. தூரத்தில் இருக்க வேண்டும். அங்கே முஷ்டிக்கு ஃபோகஸ் வைத்தால் முகம் மங்கும்; முகத்துக்கு வைத்தால் முஷ்டி மங்கும். தவிர, நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வரும் குத்து, வழக்கமான 48-இல் ஒரு நொடி ஷட்டரில் 20 செ.மீ. நீளத்துக்குக் கலங்கித் தெரியும். தோரணை எங்கே தங்கும்? அதனால்தான் ஸ்லோ மோஷன். 2014-இன் எக்ஸ்-மென் படத்தில் அதிவேக நாயகன் குவிக்சில்வர் சமையலறைக்குள் ஓடும் காட்சி அதிவேகக் கேமராவில் எடுத்தது. நொடிக்கு 3,000 ஃபிரேம் என்றால் 24-ஐவிட 125 மடங்கு; ஒரு நொடிச் செயல் திரையில் இரண்டு நிமிடத்துக்கு மேல் நீளும். ஆனால் விளக்கும் 125 மடங்கு வேண்டும், கேமராவின் மொழியில் ஏழு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). அந்த வெளிச்சத்தில் மேக்கப்பும் செட்டின் பூச்சும் பல்லிளிக்காமல் பார்த்துக்கொள்வதே தனி வேலை.

பக்கத்தையே அப்படியே காப்பியடித்தால் இந்தத் தொல்லைகள் தீருமா? 2003-இன் ‘ஹல்க்’ திரையைக் கட்டங்களாகப் பிரித்துப் பார்த்தது. கட்டங்களுக்கு நடுவே கண் தன் வேகத்தில் போக முடிவது தாளில்தான். திரையில் வேகத்தை எடிட்டர் தீர்மானித்துவிடுகிறார். 2009-இன் ‘வாட்ச்மென்’ பல கட்டங்களை அச்சு அசலாக எடுத்தது. மூலத்தின் ஐந்தாம் இதழில் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் கண்ணாடிப் பிம்பம்போல் எதிரெதிராக அமைந்து, நடுப்பக்கம்வரை அப்படியே போகும். புரட்டிப் பார்க்கும் கைக்காகச் செய்தது அது. திரையில் அதற்கு இடமே இல்லை. மாறாக, 2018-இன் ‘இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்’ அனிமேஷன் என்பதால் அச்சுப் புள்ளிகளையும் விலகிய வண்ணங்களையும் எடுத்துக்கொண்டது. அனுபவமில்லாத இளம் ஸ்பைடர்மேன் மைல்ஸை நொடிக்கு 12 படமாகவும் தேர்ந்த ஸ்பைடர்மேன் பீட்டரை 24 படமாகவும் அசைத்த இடங்கள் உண்டு. நடிகரை வைத்து எடுக்கும் படத்தால் இதைச் செய்யவே முடியாது. அதற்காக எல்லா நாயகர்களையும் அனிமேஷனுக்கே விட்டுவிட வேண்டும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை.

சில சக்திகள் நிஜ உடம்போடு ஒட்டவே மாட்டேன் என்கின்றன என்பது உண்மை. ஃபென்டாஸ்டிக் ஃபோரின் ரீட் ரிச்சர்ட்ஸ் கையை நீட்டுவது கோட்டில் அழகு. படத்தில் தோலுக்கு மயிர்க்கால் உண்டு, முட்டி உண்டு, நரம்பு உண்டு. நான்கு மடங்கு நீட்டினால் குறுக்களவு பாதியாக மெலிய வேண்டும். மெலியாவிட்டால் ரப்பர் குழாய், மெலிந்தாலோ அருவருப்பு. 2025-இன் படம் அந்த சக்தியை அளவாகப் பயன்படுத்தியது புத்திசாலித்தனம்.

ஆனால் இதற்கு நேரெதிரான ஒரு காட்சி உண்டு. 1978 சூப்பர்மேனில் கிளார்க் கென்ட் (சாதாரண மனிதராக வாழும் சூப்பர்மேன்) சக நிருபர் லோயிஸின் வீட்டில் தனியாக நிற்கிறார். அவள் உள்ளறையில் இருக்கிறாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றுகிறார். கூனிய முதுகு நிமிர்கிறது, தோள் விரிகிறது, குரல் இறங்கிக் கனக்கிறது. ஒரே ஷாட்டில் ஆள் வளர்கிறார். மறுகணம் மனம் மாறி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழையபடி குறுகிவிடுகிறார். ரோப் இல்லை, மேட் இல்லை. ஒரு மூக்குக் கண்ணாடியால் ஒருவரை ஊரே அடையாளம் தெரியாமல் போவது தாளில் வெறும் சௌகரியம். வாசகர் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொண்டது. அதை நம்ப வைத்தது ரீவின் முதுகெலும்பு. இப்படியொரு நிமிர்வைக் கட்டங்களில் வரைந்து காட்டலாம். நடுவில் நடக்கும் அசைவை வரைய முடியாது. நடிகர்களை வைத்து இந்தப் படங்களை எடுக்கத்தான் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

தங்கள் விமர்சனப் பகுதிக்கு ஒரு வேண்டுகோள். ‘சொதப்பல்’ என்று எழுதுவதற்கு முன், எது சொதப்பியது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: கால் தரையைத் தொட்டதும் முட்டி மடங்கியதா, கழுத்தடியில் நிழல் விழுந்ததா, முகமூடி போட்ட பிறகும் அந்த ஆள் யாரென்று அசைவில் தெரிந்ததா? இயக்குநர், நாயகன் பெயர்களோடு உடை வடிவமைத்தவர், ஸ்டண்ட் அமைத்தவர் பெயர்களையும் அச்சிடுங்கள். மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி அவர்கள் கைவேலை.

இப்படிக்கு,
காமிக்ஸும் சினிமாவும் விடாமல் பார்க்கும் வாசகர் ஒருவர்